உடைந்த பல்செட்டும் ஒரு சொட்டுப் பசையும்

'பல் போனால் சொல் போச்சு' என்பது பழமொழி. சொல் மட்டுமா போகின்றது? முறுக்கு போகின்றது, முருங்கைக்காய் போகின்றது, நாளடைவில் சோற்றின் மேல் உள்ள ஆசையே போய்விடுகின்றது. இவற்றை ஓரளவேனும் மீட்டுத் தருவது பல்செட். கழற்றி மாட்டக்கூடிய இந்தச் செயற்கைப் பல் வரிசையை அணிந்த முதியவர் ஒருவரேனும் இல்லாத தெரு இன்று நம் ஊர்களில் அரிது.

அந்தப் பல்செட் ஒரு நாள் இரண்டாகப் பிளந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வீடு கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கின்றது. மகனுக்கு இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை. தந்தையைப் பல் டாக்டரிடம் அழைத்துச் சென்றால் ஒரு ஷிப்ட் கூலி போய்விடும். பெட்டிக்கடையிலோ சில ரூபாய்க்கு ஒரு சிறு குழாய்ப் பசை கிடைக்கின்றது. செருப்பையும் பொம்மையையும் பிளாஸ்டிக் வாளியையும் ஒட்டும் பசை பல்செட்டை ஒட்டாதா? ஒரு சொட்டு விட்டு அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கின்றார்கள். ஒட்டிக்கொள்கின்றது. தொல்லை தீர்ந்தது என்று தோன்றுகின்றது.

உண்மையில் தொல்லை அப்போதுதான் தொடங்குகின்றது. எளிதில் சரிசெய்யக்கூடிய ஒரு செட், சரிசெய்ய இயலாததாக மாறுவது பெரும்பாலும் இந்த ஒரு சொட்டினால்தான். வாயில் புண் உண்டாவதற்கும் அது வழி வகுக்கின்றது. ஏன் இப்படி? விடை காண, பல்செட் எதனால் ஆனது, எப்படி வாயில் நிற்கின்றது, எதனால் உடைகின்றது என்னும் மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்வோம். மூன்றுக்கும் நாம் பள்ளியில் படித்த இயற்பியலும் சிறிது வேதியியலுமே போதும்.

பெயர்ப் பலகையும் பல்செட்டும்

பழங்காலத்தில் செயற்கைப் பற்களை யானைத் தந்தத்தில் செதுக்கினார்கள். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் அணிந்த பல்செட்டுகளில் தந்தம், மனிதப் பல், ஈயம் ஆகியவை இருந்தன. இவை செல்வர்களுக்கு மட்டுமே எட்டியவை. 1839-இல் சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறையைக் கண்டார். கந்தகத்தின் அளவைக் கூட்டினால் ரப்பர் மரக்கட்டை போல் கடினமாகின்றது. இந்தக் கடின ரப்பரில் வாயின் அச்சுக்கேற்பத் தகடு செய்து அதில் பற்களைப் பதிக்கலாம் என்று கண்டபின், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்செட் நடுத்தர மக்களுக்கும் கிடைத்தது. 1930-களின் இறுதியில் கடின ரப்பரின் இடத்தை அக்ரிலிக் பிடித்துக்கொண்டது. இன்றும் பெரும்பாலான பல்செட்டுகளின் இளஞ்சிவப்புத் தகடு அக்ரிலிக்தான்.

இந்த அக்ரிலிக்கை நீங்கள் வேறு இடங்களில் பார்த்திருப்பீர்கள். திருவள்ளூர் கடைத்தெருவில் இரவில் ஒளிரும் பெயர்ப் பலகைகள் பலவற்றின் முகப்பும் இதே இனத்தைச் சேர்ந்ததே. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் தலைக்கு மேல் இருந்த கண்ணாடி போன்ற மூடியும் அக்ரிலிக்தான். குண்டடிபட்டுச் சிதறிய மூடியின் துணுக்குகள் விமானிகளின் கண்ணில் தங்கியும் கேடு செய்யாதிருந்ததைக் கண்ட ஹெரால்டு ரிட்லி என்னும் ஆங்கிலேய டாக்டர், 1949-இல் லண்டனில் முதன்முதலாகக் கண்ணுக்குள் அக்ரிலிக் லென்சைப் பொருத்தினார். உடல் ஏற்கும் பொருள் என்பதால்தான் வாயிலும் இதற்கு இடம் கிடைத்தது.

அக்ரிலிக் ஒரு பாலிமர். சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலிகளாவதால் உண்டாவது. தனி மூலக்கூறுகளாக இருக்கும்போது அது நீர் போன்ற திரவம். அதனை மானோமர் என்பார்கள். பல் மெக்கானிக் அக்ரிலிக் தூளையும் மானோமர் திரவத்தையும் கலந்து, பிசைந்த மாவு போன்ற பதம் வந்ததும் அச்சில் அழுத்திச் சூடான நீரில் வைக்கின்றார். வெப்பத்தில் சங்கிலிகள் நீண்டு, மாவு கல்லாகின்றது. திரவத்தை மட்டும் பயன்படுத்தினால் இறுகும்போது அதன் கன அளவு 21 விழுக்காடு சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கிய தகடு எந்த வாய்க்கும் பொருந்தாது. மூன்று பங்கு தூளுக்கு ஒரு பங்கு திரவம் என்று கலப்பதால் சுருக்கம் சுமார் 7 விழுக்காடாகக் குறைகின்றது.

எது பிடித்து நிற்கின்றது?

மேல் பல்செட் கீழே விழாமல் நிற்பது எப்படி? முழுச் செட்டில் ஆணியோ கொக்கியோ இல்லை. ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரண்டு சிறு கண்ணாடித் துண்டுகளை நன்றாகக் கழுவி, ஒன்றின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டு மற்றதை அதன் மேல் வையுங்கள். பக்கவாட்டில் எளிதாக வழுக்குகின்றன. ஆனால் நேராகத் தூக்கிப் பிரிக்க முயன்றால் பிரிய மறுக்கின்றன. இடையிலுள்ள மெல்லிய நீர்ப்படலமே இரண்டையும் பிடித்து வைத்திருக்கின்றது. அண்ணத்துக்கும் அக்ரிலிக் தகட்டுக்கும் இடையே இந்த வேலையைச் செய்வது உமிழ்நீர்.

தகட்டை இழுத்துப் பிரிக்கும்போது, அந்த இடைவெளியை நிரப்பப் படலத்தின் திரவம் ஓரத்திலிருந்து உள்ளே பாய வேண்டும். இடைவெளி எவ்வளவு குறுகலோ அவ்வளவுக்குப் பாய்வது கடினம். கணக்கிட்டுப் பார்த்தால், இழுப்பை எதிர்க்கும் விசை இடைவெளியின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் அமைகின்றது. இடைவெளி பாதியானால் பிடிப்பு எட்டு மடங்கு. இடைவெளி இரட்டித்தால் பிடிப்பு எட்டில் ஒரு பங்கு! தலைமயிர் ஒன்றின் தடிமன் அளவு பொருத்தம் தவறினாலும் பல்செட் ஏன் ஆடத் தொடங்குகின்றது என்பது இப்போது விளங்கும்.

இதனோடு, தகட்டின் ஓரம் ஈறோடு இறுகப் படிந்து காற்றை உள்ளே விடாமல் காக்கின்றது. கண்ணாடிச் சுவரில் ஒட்டும் ரப்பர்க் கிண்ணத்தில் ஊசித் துளை விழுந்தால் அது நிற்காது அல்லவா? தகட்டில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தாலும் அவ்வாறே. நேற்று வரை நன்றாக நின்ற மேல் செட் இன்று திடீரென்று நழுவினால், எங்கேனும் விரிசல் இருக்கின்றதா என்று முதலில் பார்க்க வேண்டும். செட்டைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துடைத்தபின்னும் மறையாத கோடு விரிசலாக இருக்கலாம். வளைத்துப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். அதுவே விரிசலை நீளச் செய்துவிடும்.

ஏன் நடுவில் பிளக்கின்றது?

கட்டுமானத்தில் வேலை செய்பவர்கள் கட்டுக்கம்பியை எப்படி முறிக்கின்றார்கள்? ஒரே இழுப்பில் அல்ல. ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகச் சில முறை வளைத்தால் போதும், கம்பி முறிந்துவிடுகின்றது. ஒருமுறை தாங்கக்கூடிய சுமையையே திரும்பத் திரும்பக் கொடுக்கும்போது பொருளுக்குள் நுண்ணிய விரிசல் தோன்றி மெல்ல வளர்கின்றது. இதனைப் பொருள்களின் 'களைப்பு' என்பர். ஜெர்மனியில் அகஸ்ட் வேலர் என்னும் பொறியாளர் ரயில் அச்சுகள் நாள்பட ஓடியபின் முறிவதை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆராய்ந்து இந்த உண்மையை நிலைநாட்டினார். ரயில் அச்சுக்கு உள்ள களைப்பு அக்ரிலிக் தகட்டுக்கும் உண்டு.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 400 முறை மெல்லுகின்றோம் என்று கொள்வோம். மூன்று வேளைக்கு 1,200. ஓர் ஆண்டுக்கு 4,38,000 முறை! நன்றாகப் பொருந்திய தகடு ஒவ்வொரு மெல்லுதலிலும் மிகச் சிறிதளவே வளைகின்றது. ஆனால் பொருத்தம் நிலையாக இருப்பதில்லை. பல் போன இடத்து எலும்பு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தேய்கின்றது. அண்ணத்தின் நடுக்கோட்டில் உள்ள கெட்டியான எலும்போ அவ்வாறு தேய்வதில்லை. ஆகவே சில ஆண்டுகளில் தகடு ஓரங்களில் ஆதாரம் இழந்து நடுக்கோட்டின் மேல் மட்டும் நிற்கின்றது. ஒரு செங்கல்லின் மேல் பலகையை வைத்து இரு முனைகளிலும் இருவர் மிதிப்பது போன்ற நிலை இது. ஒவ்வொரு கடிக்கும் தகடு நடுவில் வளைகின்றது. அதன் நாக்குப் பக்கத்து மேற்பரப்பு இழுபடுகின்றது.

இன்னொரு காரணமும் உண்டு. மேலுதட்டை ஈறோடு இணைக்கும் ஒரு சிறு சவ்வு மடிப்பு முன்பற்களுக்கு நேர் மேலே இருக்கின்றது. அதற்கு இடம் விடுவதற்காகத் தகட்டின் முன் ஓரத்தில் ஒரு சிறு பள்ளம் வெட்டியிருப்பார்கள். ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் ஏன் சிறு வெட்டு வைக்கின்றார்கள்? அங்கே தகைவு குவிவதால் கிழிவு அங்கிருந்தே தொடங்குகின்றது. பல்செட்டின் முன்பள்ளமும் அவ்வாறே தகைவு குவியும் இடம். மேல் செட்டு பெரும்பாலும் இரண்டு முன்பற்களுக்கு இடையே பிளப்பதன் காரணம் இதுவே.

ஆகவே, சாப்பிடும்போது நடுவில் பிளந்த செட் அன்று கடித்த முறுக்கினால் மட்டும் உடைந்ததன்று. பொருத்தம் போய்விட்டது என்று அது பல மாதங்களாகச் சொல்லிவந்த செய்தியின் கடைசி வரி அந்த உடைப்பு. உடைப்பை மட்டும் ஒட்டிவிட்டுப் பொருத்தத்தைக் கவனியாமல் விட்டால் மீண்டும் அதே இடத்தில் உடையும்.

கை தவறிக் கீழே விழுந்து உடைவது வேறு வகை. 20 கிராம் எடையுள்ள செட் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகின்றது என்று கொள்வோம். சிமெண்டுத் தரையில் அது அரை மில்லிமீட்டர் தொலைவுக்குள் நிறுத்தப்பட்டால், சராசரி விசை ஏறத்தாழ 40 கிலோ எடைக்குச் சமம். மடித்த துண்டின் மேல் விழுந்து ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்து நின்றால் விசை 2 கிலோ எடைக்குத்தான் சமம். இருபதில் ஒரு பங்கு! வேறுபாடு முழுவதும் நிற்க எடுத்துக்கொண்ட தொலைவில்தான். செட்டைக் கழுவும்போது கீழே ஒரு துண்டை விரித்தோ, பாத்திரத்தில் பாதியளவு நீர் வைத்தோ கழுவச் சொல்வது இதனால்தான்.

ஒரு சொட்டுப் பசை செய்யும் கேடுகள்

கடைகளில் விற்கும் உடனடிப் பசை சயனோஅக்ரிலேட் என்னும் வகையைச் சேர்ந்தது. காற்றிலும் பொருளின் மேலும் உள்ள ஈரம் பட்டவுடனே இது இறுகிவிடும். பெயரில் ஒற்றுமை இருந்தாலும் இது பல்செட்டின் அக்ரிலிக் அன்று. அறுவை மருத்துவத்தில் தோலை மூடுவதற்கென்று தனியாகத் தயாரிக்கப்படும் சயனோஅக்ரிலேட்டும் உண்டு; பெட்டிக்கடைப் பசை அதுவும் அன்று. வாயில் வைப்பதற்காக அது செய்யப்படவில்லை.

முதல் கேடு பொருத்தத்தில் நேர்கின்றது. இரு துண்டுகளையும் கையால் சேர்க்கும்போது சிறிது கோணம் தவறினாலும், பசை ஒரு மெல்லிய படலமாக இடையில் தங்கினாலும், தகட்டின் வடிவம் மாறிவிடுகின்றது. மும்மடி விதியை நினைவில் கொள்ளுங்கள். உடைப்பு நடந்த இடத்தில் சிறியதாகத் தெரியும் தவறு ஓரத்தில் பெரிதாகி, பிடிப்பைக் குலைத்துவிடும். அத்துடன் தகட்டின் ஒரு முனை ஒரே இடத்தில் ஈறை அழுத்தும். அங்கே புண் உண்டாகும்.

இரண்டாவது, இறுகிய பசை நொறுங்கும் தன்மை உடையது. இளஞ்சூட்டில், ஈரத்தில், நாளுக்கு ஆயிரம் முறை வளைவதை அது தாங்காது. மீண்டும் உடைவது உறுதி. எப்போது என்பதுதான் தெரியாது. அது சாப்பிடும்போது உடைந்து ஒரு துண்டு தொண்டைக்குள் போய்விடலாம். இங்கே நாம் அறிய வேண்டிய ஓர் உண்மை உண்டு. எக்ஸ்-ரே படத்தில் எலும்பு தெளிவாகத் தெரிவதற்குக் காரணம் அதிலுள்ள கால்சியம் கதிரை நன்கு உறிஞ்சுவதே. அக்ரிலிக்கில் இருப்பவை கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகிய இலேசான தனிமங்கள். நம் தசையிலும் பெரும்பாலும் இவையே. ஆகவே விழுங்கப்பட்ட அக்ரிலிக் துண்டு சாதாரண எக்ஸ்-ரே படத்தில் பெரும்பாலும் தெரியாது. 'படத்தில் ஒன்றும் இல்லையே' என்று இருந்துவிடக் கூடாது. பல்செட் துண்டு காணவில்லை என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூச்சுத் திணறலோ விழுங்க இயலாமையோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.

மூன்றாவது கேடு பழுது பார்ப்பவருக்கு நேர்வது. உடைந்த முகங்கள் புதிதாக, பிசிறு பிசிறாக இருக்கும்போது ஒன்றோடொன்று பூட்டும் சாவியும் போல் சரியாகப் பொருந்துகின்றன. அந்தப் பொருத்தமே அவருக்கு வழிகாட்டி. பசை படிந்தபின் அந்த வழிகாட்டி அழிந்துவிடுகின்றது. அதன் பின் புதுச் செட்டே செய்ய வேண்டி வரலாம். ஒரு ஷிப்ட் கூலியை மிச்சம் பிடிக்கப்போய்ப் பல நாள் கூலியை இழப்பது இவ்வாறுதான்.

பழுது எவ்வாறு பார்க்கப்படுகின்றது?

பல் பணிமனையில் நடப்பதைப் பார்ப்போம். முதலில் துண்டுகளைக் கழுவி உலர்த்திச் சரியாகச் சேர்த்து, ஒட்டும் மெழுகால் பற்றவைத்து, மேலே தீக்குச்சி போன்ற சிறு குச்சிகளைக் குறுக்கே வைத்து அசையாமல் நிறுத்துவார்கள். பின்பு தகட்டின் உட்புறத்தில் பிளாஸ்டர் கரைசலை ஊற்றுவார்கள். அது இறுகியதும் அண்ணத்தின் வடிவம் பிளாஸ்டரில் கிடைத்துவிடுகின்றது. இனித் துண்டுகளைக் கழற்றினாலும் கவலை இல்லை. அந்த மாதிரியின் மேல் திரும்ப வைத்தால் அதே இடத்தில் அமரும்.

அடுத்து, உடைந்த விளிம்புகளை இருபுறமும் சாய்வாகத் தேய்த்து இடைவெளியை அகலமாக்குவார்கள். உடைப்பைச் சேர்ப்பதற்குப் பதில் பெரிதாக்குவது ஏன் என்று தோன்றலாம். சாய்வு கொடுப்பதால் புதிய அக்ரிலிக் பிடிக்கும் பரப்பு அதிகமாகின்றது. தகைவு ஒரே கோட்டில் குவியாமல் பரவுகின்றது. அந்தச் சாய்ந்த முகங்களை மானோமர் திரவத்தால் சில நிமிடங்கள் நனைப்பார்கள். இதுவே முறையான பழுதின் உயிர்நிலை. மானோமர் பழைய அக்ரிலிக்குக்குள் ஊறி அதன் மேற்பரப்பை இளக்குகின்றது. பின்னர் தூளும் திரவமும் இட்டு நிரப்பும்போது, புதிய சங்கிலிகள் பழைய சங்கிலிகளுக்கு இடையே புகுந்து பின்னிக்கொள்கின்றன. ஒட்டிய இடம் என்று தனியாக ஒரு வேற்றுப் பொருள் அங்கே இல்லை. பசைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, பாயில் ஒட்டுத் துணி ஒட்டுவதற்கும் அறுந்த கோரையைச் சேர்த்துப் பின்னுவதற்கும் உள்ள வேறுபாடு.

பழுதுக்குப் பெரும்பாலும் பயன்படுவது தானே இறுகும் அக்ரிலிக். இதன் திரவத்தில் கலந்துள்ள ஒரு முடுக்கி, சூடு இல்லாமலே வினையைத் தொடங்கி வைக்கின்றது. இளஞ்சூடான நீருள்ள ஓர் அழுத்தப் பாத்திரத்தில் செட்டை வைத்தால் காற்றுக் குமிழ்கள் நுண்துளைகளாகத் தங்குவது குறையும். இறுதியில் தேய்த்து மெருகேற்றுவார்கள். பன்னாட்டுத் தர விதிப்படி, வெப்பத்தில் இறுகும் அக்ரிலிக்கின் வளைவு வலிமை குறைந்தது 65 மெகாபாஸ்கலும், தானே இறுகும் வகையினது 60 மெகாபாஸ்கலும் இருக்க வேண்டும். பழுது பார்த்த இடம் பழைய வலிமை முழுவதையும் பெறுவது கடினம். ஆகவே அவ்விடத்தில் உலோகக் கம்பியையோ கண்ணாடி இழையையோ உள்ளே பதித்து உறுதிப்படுத்துவதும் உண்டு. கான்கிரீட்டுக்குள் கம்பி போடும் அதே தத்துவம்தான்.

தானே இறுகிய அக்ரிலிக்கில் வினைபுரியாமல் எஞ்சிய மானோமர் சற்று அதிகம். பழுது பார்த்த செட்டைச் சில மணி நேரமேனும் நீரில் ஊறவைத்தபின் அணிவது நல்லது. மானோமர் திரவம் எளிதில் ஆவியாகும், எளிதில் தீப்பற்றும், சிலருக்குத் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு செய்து பார்க்கக்கூடிய வேலை அன்று இது.

உடைப்புக்கு அப்பால்

எல்லாப் பழுதும் ஒன்றல்ல. ஒரே ஒரு பல் மட்டும் பெயர்ந்து வந்திருந்தால் அந்தப் பல்லைப் பத்திரமாக எடுத்துச் சென்றால் போதும். பெரும்பாலும் அதையே மீண்டும் பதித்துவிடலாம். சில பற்களுக்கு மட்டுமான செட்டில் பக்கத்துப் பல்லைப் பிடிக்கும் கம்பிக் கொக்கி தளர்ந்திருந்தால் டாக்டர் சரிசெய்வார். நீங்களே குறடு வைத்து வளைத்தால், முன்பு சொன்ன கட்டுக்கம்பியின் கதிதான் கொக்கிக்கும். வளையும் தன்மையுள்ள நைலான் செட்டில் சாதாரண அக்ரிலிக் நன்கு பிடிக்காது. வார்ப்பு உலோகச் சட்டம் முறிந்தால் பற்றவைக்க வேண்டியிருக்கும். ஆகவே உங்கள் செட் எந்தப் பொருளால் ஆனது என்பதைக் கட்டும்போதே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எலும்பு தேய்ந்து செட் ஆடினால், தகட்டின் உட்புறத்தில் புதிய அக்ரிலிக் பூசி இன்றைய வாயின் வடிவுக்கு ஏற்ப அமைக்கலாம். இதனைச் செய்யாமல் உடைப்பை மட்டும் ஒட்டுவது, அடித்தளம் இறங்கிய வீட்டின் சுவர் விரிசலுக்குச் சுண்ணாம்பு பூசுவது போன்றது. உடையாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை செட்டை டாக்டரிடம் காட்டுவது நல்லது.

சாலையோரத்தில் பெட்டி வைத்துக்கொண்டு, தானே இறுகும் அக்ரிலிக்கை வாயிலேயே இட்டுப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து நிரந்தரமாக ஒட்டிவிடுபவர்களும் இருக்கின்றார்கள். இறுகும் வினையில் வெப்பம் வெளிப்படும். அது ஈறைச் சுடக்கூடும். கழற்ற முடியாததால் சுத்தம் செய்ய இயலாது. நல்ல பற்களும் கெட்டுவிடும். இந்தியாவில் 1948-இல் இயற்றப்பட்ட பல் மருத்துவர் சட்டம், பல் டாக்டர்களோடு பல் மெக்கானிக்குகளையும் பதிவு செய்ய வகை செய்தது. பதிவு பெற்ற டாக்டரையே நாடுங்கள்.

அன்றாடப் பராமரிப்பு

அக்ரிலிக் பல்லின் எனாமலை விட மிக மென்மையானது. பற்பசையிலும் பல்பொடியிலும் உள்ள தேய்ப்புத் துகள்கள் அதில் கீறல்களை உண்டாக்கும். சாம்பல், கரி, உப்பு ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு கீறலும் கிருமிகள் குடியேறும் ஒரு வாய்க்கால். ஆழமான கீறல் விரிசலின் தொடக்கமாகவும் ஆகலாம். மென்மையான பிரஷ்ஷும் சாதாரண சோப்புமே போதும். சாப்பிட்டபின் கழற்றிக் கொப்பளித்துக் கழுவுங்கள். இரவில் ஒருமுறை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

கொதிநீர் ஊற்றிச் 'சுத்தம்' செய்யக் கூடாது. அக்ரிலிக் சுமார் 100 பாகையை நெருங்கும்போது இளகத் தொடங்குகின்றது. தகடு செய்யப்பட்டபோது உள்ளே சிறைப்பட்ட தகைவுகள் அப்போது விடுபட்டு, வடிவம் கோணிவிடும். ஆறினாலும் பழைய வடிவம் திரும்பாது. வெயிலில் காய வைப்பதும் தவறு. அக்ரிலிக் தன் எடையில் இரண்டு விழுக்காடு வரை நீரை உறிஞ்சிச் சிறிதளவு விரிந்திருக்கின்றது; காய்ந்தால் சுருங்குகின்றது. வாயில் இல்லாத நேரத்தில் செட்டைக் குளிர்ந்த, தூய நீரில் போட்டு வைப்பது இதனால்தான். அந்த நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். செட்டை ஊறவைக்கும் மாத்திரை பயன்படுத்துவோர், அதன் உறையில் கண்ட நேரத்துக்கு மேல் வைக்காமல், அணியும் முன் நன்றாகக் கழுவ வேண்டும். சலவைக்கான பிளீச்சிங் கரைசல் உலோகக் கொக்கிகளை அரித்துவிடும்.

இரவில் செட்டைக் கழற்றிவிட்டே உறங்க வேண்டும். இரவும் பகலும் தகட்டால் மூடியே கிடக்கும் அண்ணத்தில் காண்டிடா என்னும் பூஞ்சை பெருகிச் சிவந்த அழற்சியை உண்டாக்கும். ஜப்பானில் 85 வயதைக் கடந்த 524 பேரை மூன்றாண்டுகள் கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், செட்டுடன் உறங்குவோருக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்குக்கு மேல் இருந்தது தெரியவந்தது. வாயில் தங்கிய கிருமி மூச்சோடு நுரையீரலுக்குப் போய்ச் சேர நெடுந்தொலைவு இல்லை.

உடைந்துவிட்டால்?

இனி, நம் கும்மிடிப்பூண்டி வீட்டுக்குச் சொல்ல வேண்டியது என்ன? செட் உடைந்தால் உடனே அணிவதை நிறுத்துங்கள். சிறு துணுக்கு உட்பட எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி எடுங்கள். வெறும் நீரில் கழுவி, ஈரத்துணியில் சுற்றி, மூடியுள்ள ஒரு டப்பாவில் வையுங்கள். பசை, மெழுகு, ஒட்டுநாடா, சூடுபடுத்திய கம்பி ஒன்றும் வேண்டாம். அதுவரை குழைந்த சோறு, இட்லி, கூழ், மசித்த பருப்பு என்று மெல்ல வேண்டாத உணவைக் கொடுங்கள்.

வேலைக்குப் போகும் மகன் துண்டுகளை மட்டும் எடுத்துச் சென்றால் போதும் என்று எண்ணக்கூடும். முதல் முறை பெரியவரும் உடன் போவதே நல்லது. உடைப்பின் காரணம் செட்டில் மட்டுமன்று, அவருடைய வாயிலும் இருக்கின்றது. அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் முதலில் கேளுங்கள். பல்செட் பணிமனை எல்லா இடத்திலும் இருப்பதில்லை; ஆனால் எங்கே போக வேண்டும் என்பதை அங்கே சொல்வார்கள். சென்னையில் 1953-இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கி வளர்ந்த தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கின்றது. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் ஆகிய இரு தடங்களிலும் புறநகர் ரயிலில் சென்ட்ரல் வந்து இறங்கினால் அது தொலைவில் இல்லை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். செட் உராய்ந்து வந்த புண், செட்டைக் கழற்றி வைத்தால் சில நாளில் ஆற வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலும் ஆறாத புண்ணையோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டையோ 'பல்செட் குத்தியது' என்று விட்டுவிடக் கூடாது. வெற்றிலை பாக்கு, புகையிலை, பீடிப் பழக்கம் உள்ளவர்கள் இதில் மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வாய்ப்புற்று தொடக்கத்திலேயே அறியப்பட்டால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். உடைந்த பல்செட்டைக் காட்டப் போன இடத்தில் டாக்டர் வாயையும் ஒருமுறை பார்த்துவிடுகின்றார். பசைக் குழாயால் செய்ய முடியாத வேலை அது.